குளவிகளுக்குப் பெய்த மழை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாட்டார் கதைகளில் வரும் அடங்காதவர்கள் எல்லாம் எளியவர்களின் எதிர்ப்புக் குரல் என்று சொல்கிறார்கள். தேடிப் படித்தால் பாதிப் பேர் புளுகர்கள், திருடர்கள். இவர்களா கலகக்காரர்கள்?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கொள்கைக்காகக் கலகம் செய்கிறவர் இந்தக் கதைகளில் அபூர்வம்தான். பசி, பொறாமை, சும்மா இருக்க முடியாத வாய் என்று ஏதோ ஒன்றில்தான் எல்லாம் தொடங்குகிறது.

கானாவின் அக்கான் மக்கள் சொல்லும் சிலந்தி அனன்சியைப் பாருங்கள். கதைகள் முழுக்க வானக் கடவுள் நியாமேயின் வசம். அவற்றுக்கு அவர் கேட்கும் விலை மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், அப்புறம் யார் கண்ணிலும் படாத ஒரு வனதேவதை. குளவிகளைப் பிடிக்கும் இடம்தான் எனக்குப் பிடித்தது. கூட்டின் மேலும் தன் மேலும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, வாழையிலையைத் தலைக்குப் பிடித்தபடி, “மழை வந்துவிட்டதே, நனையாமல் என் குடுக்கைக்குள் வாருங்களேன்” என்கிறது அனன்சி. குளவிகள் நன்றி சொல்லிக்கொண்டே உள்ளே போகின்றன. குடுக்கையின் வாயை அடைத்தாயிற்று. ஊருக்கு நல்லது செய்யும் எண்ணமெல்லாம் அதற்குக் கிடையாது. கதைகள் தன் பெயரில் வழங்க வேண்டும், அவ்வளவுதான்.

அதே அனன்சி அடிமைக் கப்பல்களில் வந்தவர்களோடு ஜமைக்காவுக்குப் போனது. கரும்புத் தோட்டத்தில் சவுக்கடி பட்டவர்களுக்கு, பலசாலியை வாயாலேயே கவிழ்க்கும் சின்ன உயிரின் கதை வேறு மாதிரி கேட்டிருக்கும். அந்தப் புளுகனைக் கலகக்காரன் ஆக்கியவர்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மாவி இன்னொரு ரகம். குறைமாதத்தில் பிறந்ததால் தாய் தன் கூந்தலில் சுற்றிக் கடலில் எறிந்த பிள்ளை. சூரியனையே கட்டிவைத்து அடித்தவன். கடைசியில் சாவை ஒழிக்கிறேன் என்று, தூங்கிக்கொண்டிருந்த மரண தேவியின் உடலுக்குள் நுழைகிறான். சிரிக்கக் கூடாது என்று பறவைகளிடம் சொல்லித்தான் வைத்திருந்தான். விசிறிவால் குருவிக்கு அடக்க முடியவில்லை. தேவி விழித்துக்கொண்டாள், மாவி நசுங்கிச் செத்தான். நாயகனை இப்படிச் சிரிப்புக்கு இடமாக்கிச் சாகவிட நாட்டார் கதையால்தான் முடியும்.

ஆகவே புளுகையும் திருட்டையும் கழுவித் துடைத்து இவர்களைப் புரட்சியாளர்கள் ஆக்குவதில் எனக்கும் சம்மதம் இல்லை. சீனத்துக் குரங்கரசன் சுன் வுகோங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சொர்க்கத்தைக் கலக்கி, 500 ஆண்டு மலைக்கடியில் கிடந்து, பிறகு மீறினால் தலையை இறுக்கி வதைக்கும் பட்டைக்குப் பயந்து துறவிக்குக் காவல் போகிறான். அந்தப் பகுதி வந்ததும் நான் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவேன்.