வாத்து முட்டைக்குத் தண்ணீரும் அளவோடுதான்

கேள்வி: ஆரணி நாட்டு வாத்தின் 24 முட்டைகளை, விசிறி பொருத்திய தெர்மாகோல் இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸில் அடை வைத்தேன். வாத்து நீர்ப்பறவை என்பதால் முதல் நாளிலிருந்தே உள்ளே இரண்டு கிண்ணம் தண்ணீர் வைத்திருந்தேன். 28ஆம் நாளில் 5 குஞ்சுகள்தான் பொரிந்தன. 5 கூமுட்டைகள். மற்ற 14 முட்டைகளை உடைத்துப் பார்த்தபோது, முழுதாக வளர்ந்த குஞ்சுகள் ஈரம் சொதசொதக்க இறந்து கிடந்தன. எங்கே தவறு? – வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அந்த இரண்டு கிண்ணங்களின் மீதுதான் எனக்குச் சந்தேகம். சூடு குறைந்திருந்தால் பொரிப்பு தாமதமாகியிருக்கும், மிகுந்திருந்தால் முந்தியிருக்கும். உங்கள் குஞ்சுகளோ நாள் தவறாமல் வந்திருக்கின்றன.

அடையில் இருக்கும் முட்டை ஓட்டின் நுண்துளைகள் வழியே நீரை இழந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி இழந்த இடத்தில்தான், முட்டையின் அகன்ற முனையில் காற்றறை விரிகிறது. ஓட்டை உடைப்பதற்கு முன் குஞ்சு இழுக்கும் முதல் மூச்சு அந்த அறையிலிருந்துதான். பெட்டிக்குள் ஈரம் மிகுந்தால் நீர் வெளியேறாமல், காற்றறை சிறுத்து, வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்துவிடும். தாய் வாத்து குளித்துவிட்டு நனைந்த இறகோடு வந்து அமர்வது உண்மைதான், ஆனால் அது நாளில் சிறிது நேரத்து ஈரமே தவிர, இருபத்துநான்கு மணி நேரப் புழுக்கம் அன்று.

ஆகவே அடுத்த முறை ஓர் ஈரப்பதமானியை வாங்கி உள்ளே வைத்து, முதல் 25 நாள்கள் ஈரப்பதத்தை 55 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிறுத்துங்கள். அதைவிட நம்பகமான சாட்சி முட்டையேதான். 7, 14, 25ஆம் நாள்களில் இருட்டறையில் செல்போன் டார்ச்சை அகன்ற முனையில் வைத்துப் பார்த்து, காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு வந்தால், கோடு இறங்கி வருவது கண்ணுக்கே தெரியும். 25ஆம் நாளில் அது முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எட்டியிருக்க வேண்டும். எடை பார்க்க வசதி இருந்தால், 70 கிராம் முட்டை அதற்குள் 61 கிராம் அளவுக்கு இறங்கியிருக்கும். கோடு நகரவில்லையென்றால் ஒரு கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.

பத்தாம் நாளிலிருந்து தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து பத்து நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீரை முட்டைகள்மேல் இலேசாகத் தெளித்து மூடுவது நல்லது. முட்டைகளைத் திருப்புவதை 25ஆம் நாளோடு நிறுத்திவிட்டு, அப்போதுதான் ஈரப்பதத்தை 75 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டும். காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

ஓட்டில் முதல் விரிசல் விட்டபின் குஞ்சு வெளிவர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பொறுக்கமாட்டாமல் நான் ஒருமுறை ஓட்டை உரித்துவிட்டு, உள்சவ்வில் இரத்தம் கசிவதைக் கண்டு பதறியதுண்டு.

கேள்வி: நாட்டு வாத்து முட்டையோடு மணிலா வாத்து முட்டையையும் ஒரே பெட்டியில் வைக்கலாமா? – வாசகர், நாமக்கல்

பதில்: வைக்கலாம். ஆனால் மணிலா வாத்துக்கு 35 நாள் ஆகும் என்பதால், அதை ஒரு வாரம் முன்னதாகவே அடை வைத்துவிடுங்கள்.