1820-இல் பெயர் இல்லையென்றால்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1830 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 20–30 வயதுக் கட்டத்தில் குடும்பத் தலைவராக இருக்கும் உங்கள் மூதாதையை 1820 கணக்கெடுப்பில் காணோம் என்கிறீர்கள். மனம் தளராதீர்கள். 1840 வரை குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதினார்கள். மற்றவர்கள் வயதுக் கட்டவாரியாக வெறும் எண்ணிக்கை. 1820-இல் அவருக்கு 10–20 வயது இருந்திருக்கும்; அதனால் அந்த ஆண்டில் அதே குடும்பப்பெயர் உள்ள வீடுகளில் ஆண்களுக்கான 10–16, 16–26 கட்டங்களைப் பாருங்கள். 16–18 கட்டத்தில் உள்ளவரை 16–26-லும் சேர்த்தே எண்ணியிருப்பார்கள். இரண்டையும் கூட்டினால் இல்லாத மகன் ஒருவன் முளைத்துவிடுவான்.

கட்டம் பொருந்தியதுமே அந்த வீட்டுத் தலைவர்தான் அப்பா என்று முடிவுகட்ட வேண்டாம், சித்தப்பா வீடாகவும் இருக்கலாம். நான் பெரிதும் நம்புவது கவுன்ட்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) வரிப் பட்டியல்களை. 21 வயது கடந்த ஆண்கள் ஆண்டுவாரியாக அதில் வருவார்கள்; நிலம் எந்த ஓடையோரம் என்றும் பல பட்டியல்களில் குறித்திருப்பார்கள். உங்கள் மூதாதையின் பெயர் முதலில் வரும் ஆண்டில், அதே ஓடையோரம் அதே குடும்பப்பெயரில் வேறு யார் இருக்கிறார்கள்? அவர்களுடைய உயில், நிலப்பத்திரங்களைத் தேடுங்கள்.