'ஸ்குவாட்ரன் சுப்ரீம்': எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம். மார்வலின் 'ஸ்குவாட்ரன் சுப்ரீம்' என்னும் சூப்பர்ஹீரோ குழுவைப் பற்றிய காமிக்ஸ் தொடரின் முதல் இதழில் உலகம் ஏன் சீரழிந்து கிடக்கிறது என்று புரியாமல், இரண்டாம் இதழோடு நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் குழப்பத்துக்குக் காரணம், கதையின் தொடக்கம் வேறொரு மார்வல் தொடரில் இருப்பதுதான். 1982இல் வெளிவந்த 'டிஃபெண்டர்ஸ்' 112 முதல் 114 வரையிலான இதழ்களில், ஓவர்மைண்ட் என்னும் வில்லன் இந்த நாயகர்களின் மனங்களை வசப்படுத்தி, அவர்களைக் கொண்டே அவர்களுடைய உலகை அடிமைப்படுத்துகிறான். அந்த மூன்றையும் படித்துவிட்டு வந்தால், பசியையும் குற்றத்தையும் ஒழிப்போம் என்று குழுவின் தலைவன் ஹைப்பீரியன் சூளுரைப்பதன் பின்னுள்ள குற்றவுணர்வு விளங்கும்.

1985-86இல் மார்க் க்ரூன்வால்ட் எழுதிய பன்னிரண்டு இதழ்கள் இவை. (அவர் 1996இல் மறைந்தபின், அவரது விருப்பப்படி, மறு ஆண்டு வந்த தொகுப்பின் அச்சு மையில் அவருடைய அஸ்தி கலக்கப்பட்டது.) வசனங்கள் நீளமானவை, சித்திரங்களும் சற்றுப் பழைய பாணிதான், மறுக்கவில்லை. ஆயினும் முதல் இதழின் இறுதிப் பகுதியை மீண்டும் நிதானமாகப் பாருங்கள்: நண்பன் ஹைப்பீரியனைக் கொல்லக்கூடிய ஆர்கோனைட் என்னும் பொருளால் ஆன தோட்டாவை வைத்திருந்தும், அவனது திட்டத்தை எதிர்க்கும் நைட்ஹாக்கால் விசையை அழுத்த முடியவில்லை. குற்றவாளிகளைத் திருத்த உருவாக்கிய மனமாற்றக் கருவியைக் குழுவில் ஒருவனான கோல்டன் ஆர்ச்சர் தன் காதலி லேடி லார்க்கின் மீதே பயன்படுத்தும் இடத்தில்தான் தொடர் உண்மையில் சூடுபிடிக்கிறது. ஆகவே ஐந்தாம் இதழ்வரை பொறுத்துப் பாருங்கள். 'கேப்டன் அமெரிக்கா' 314ஆம் இதழும் இக்கதையோடு தொடர்புடையது. 1997 தொகுப்பில் அதுவும் சேர்க்கப்பட்டுள்ளது.