மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்த பையன்

அன்புள்ள ஐயா,

பட்டர்வொர்த் பக்கம் ஒரு தொழிற்கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வெல்டிங், ஒயரிங், தையல், சமையல் என்று பல பிரிவுப் பிள்ளைகள். இங்குள்ள ஓர் அருங்காட்சியகம், “இளைஞர்கள் எங்கள் பக்கம் வருவதே இல்லை, உங்கள் மாணவர்களோடு சேர்ந்து ஏதாவது செய்யலாமா?” என்று கேட்டிருக்கிறது. எனக்கு ஆசைதான். ஆனால் முன்பு வேறோர் இடத்துக்கு இப்படித்தான் ‘கூட்டு முயற்சி’ என்று போனோம். பிள்ளைகள் நாற்காலி அடுக்கினார்கள், வாசலில் நின்று வணக்கம் சொன்னார்கள், சான்றிதழோடு வீடு திரும்பினார்கள். இப்போது பேச்செடுத்தாலே, “அதெல்லாம் படிச்சவங்க பாக்குற எடம் டீச்சர்” என்கிறார்கள். இதில் அவர்களுக்கு உண்மையில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எங்கே தொடங்குவது?

பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, பட்டர்வொர்த்

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு பையன் நினைவுக்கு வந்தான். சில வருடங்களுக்கு முன் ஓர் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றிலிருந்து ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வழிகாட்டி முன்னால் பேசிக்கொண்டே போக, பாதிப் பேர் பின்னால் கைப்பேசியைப் பார்த்தபடி நடந்தார்கள். மூலையில் ரப்பர் ஷீட் உருட்டும் பழைய கை மெஷின். இரண்டு உருளைகள், பக்கத்தில் பெரிய சக்கரம், இடைவெளியைக் கூட்டிக் குறைக்க மேலே திருகுகள். ஒருவன் மட்டும் கூட்டத்தை விட்டு விலகி அதன் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். காவலர் “தொடாதே” என்று அதட்டினார். அவன் தொடவே இல்லை.

என்னப்பா பார்க்கிறாய் என்று கேட்டேன். “கால்ல ஒரு மஞ்சக் கோடு தெரியுது பாருங்க அங்கிள்” என்றான். கறுத்த இரும்பில் விரல் நீளத்துக்கு, மங்கலான பொன் நிறத்தில் ஒரு வரி. “இது வார்ப்பிரும்பு. உடைஞ்சா சும்மா வெல்டிங் அடிக்க முடியாது, பக்கத்துலயே மறுபடி விரிசல் விடும். அதான் பித்தளைக் கம்பிய உருக்கி ஒட்டியிருக்காங்க. யாரோ நல்ல வேலைக்காரர்.”

பக்கத்து அட்டையில் மெஷினின் பெயர் இருந்தது. இந்த ஒட்டு இல்லை. ஏதோ ஒரு தோட்டத்தில் அன்றைய ரப்பர் பால் உறைந்து காத்திருக்க, மெஷின் கால் உடைந்து நிற்க, பட்டறைக்காரர் ஒருவர் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான். அதைப் படிக்கத் தெரிந்தவன் அன்று அந்தக் கூடத்தில் அந்தப் பையன் ஒருவன்தான். ஆனால் அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. வந்ததிலிருந்து அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

கிளம்பும்போது சொன்னான்: “எங்க பாட்டி இந்த மெஷின் சுத்தியிருக்காங்க.” பாட்டியை இங்கே கூட்டி வந்திருக்கிறாயா என்றேன். “அவங்க எதுக்கு அங்கிள் இங்கலாம் வரப்போறாங்க?” என்றான்.

புதிய பார்வையாளர்களை எங்கே தேடுவது என்று கேட்கிறார்களே டீச்சர், அந்தப் பாட்டிதான். பையன் மூலமாகத்தான் அவர் வருவார். அதுவும் அந்த இடத்தில் பையனுக்கு ஒரு வேலை, ஒரு மதிப்பு இருந்தால்தான்.

‘படிச்சவங்க எடம்’ என்பதற்கு உங்கள் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். பாரிசில் 1794இல் தொடங்கிய கலைகள், தொழில்கள் காப்பகம், இயந்திரங்களைக் காட்டி அவை எப்படி வேலை செய்கின்றன என்று விளக்குவதற்காகவே உருவானது. லண்டனில் இன்று விக்டோரியா ஆல்பர்ட் என்று அறியப்படும் அருங்காட்சியகம் 1857இல் சவுத் கென்சிங்டனுக்கு வந்தபோது, வேலை முடித்து வரும் தொழிலாளிகளுக்காக எரிவாயு விளக்கேற்றி இரவிலும் திறந்து வைத்தார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, நம் ஃபார்குவார் சாலை அருங்காட்சியகக் கட்டடமே பழைய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்தான். 1816இல் மலேசியாவின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது அந்தப் பள்ளியில் என்று 2016இல் இருநூறு ஆண்டு விழா எடுத்தோமே. அந்த வாசலில் நம் பிள்ளை தயங்கி நிற்க எந்தக் காரணமும் இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? முழு அருங்காட்சியகத்தையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு பொருள் போதும். வெல்டிங் பிள்ளைகள் அதன் முன்னால் ஒரு முழுக் காலை உட்காரட்டும். அளந்து, வரைந்து, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே மாற்று உறுப்பு போட்டிருக்கிறது என்று அவர்களே எழுதட்டும். அப்புறம் உங்கள் பட்டறையில் அதற்கு ஒரு நகல் செய்யட்டும். உண்மைப் பொருளை யாரும் தொட முடியாது. நகலைச் சின்னப் பிள்ளை சுற்றிப் பார்க்கலாம், கண் தெரியாதவர் தடவிப் பார்க்கலாம்.

இங்கே ஒரு மோதல் வரும், வரட்டும். துருவைக் கண்டால் தேய்க்க வேண்டும், உடைந்ததைக் கண்டால் சரிசெய்ய வேண்டும் என்று நாம் பழக்கியிருக்கிறோம். அருங்காட்சியகக்காரர்களோ அப்படியே விடு என்பார்கள். கம்பி பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்திருந்தால் பழைய பெயிண்ட் எல்லாம் போயிருக்கும். எதைச் சரிசெய்வது, எதை விட்டுவைப்பது என்பதை இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால், அந்தப் பேச்சே உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பருவப் பாடம்.

ஒயரிங் பிள்ளைகளுக்கும் நல்ல வேலை இருக்கிறது. பழைய சேலை, பாத்திக் துணி மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது என்பது பொது வழக்கம், சாயம் வெளுத்துவிடும். அவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் எழுபது வயதுக் கண்ணுக்கும் துணி தெரிய வேண்டும், அட்டையின் எழுத்தும் தெரிய வேண்டும். விளக்கை எந்தக் கோணத்தில் வைப்பது? லக்ஸ் மீட்டரோடு அவர்களை உள்ளே விடச் சொல்லுங்கள். தையல், சமையல் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே உங்களுக்கு முன்னால் யோசித்து வைத்திருப்பார்கள். ஒன்று மட்டும்: திறப்பு விழாவுக்குப் பலகாரம் செய்து தரும் ஆட்களாக மட்டும் அவர்களை அனுப்பிவிடாதீர்கள்.

அருங்காட்சியகத்திடம் முதலிலேயே இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் செய்த பொருளுக்குப் பக்கத்தில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும், ‘மாணவர்கள்’ என்று மொத்தமாக இல்லாமல் ஒவ்வொருவர் பெயரும். போக்குவரத்துச் செலவும் பொருட்செலவும் அவர்கள் பொறுப்பு. இதற்குத் தயங்கினால் அது மறுபடியும் நாற்காலி அடுக்கும் வேலைதான், நீங்கள் தயங்காமல் மறுத்துவிடலாம்.

பாட்டிகள் பேசுவதைத் தமிழிலேயே பதிவுசெய்து அந்த நகலுக்குப் பக்கத்தில் ஒலிக்கவிட முடியுமா என்றும் கேளுங்கள். மழமழ உருளையில் விட்டு எடுத்த ஷீட்டை எதற்காக மறுபடி வரி உருளையில் விட்டார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். புகையில் சீக்கிரம் காய்வதற்காக.

முதல் சந்திப்பு எந்தச் சனிக்கிழமை என்று எழுதுங்கள். காலைப் பெர்ரியில் வந்துவிடுகிறேன். நல்ல டார்ச் லைட் ஒன்று கொண்டு வருகிறேன், மெஷினுக்கு அடியில் பார்க்க வேண்டியிருக்கும்.