பழைய ஸ்பைடர்கோ மிலிட்டரி ஏன் நின்றது?

ஸ்பைடர்கோ நிறுவனத்தின் இந்த மடக்குக் கத்தி விற்காமல் நிற்கவில்லை. 2022-ல் மிலிட்டரி 2 வந்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் பிடித்த கத்தியை ஏன் நிறுத்தினார்கள் என்ற உங்கள் ஆதங்கம் புரிகிறது. எனக்கும் அந்த மெலிந்த கைப்பிடிமேல் தனிப் பிரியம்.

முக்கியக் காரணம் பூட்டுதான் என்று நினைக்கிறேன். 1996-ல் வந்த மாடலில் லைனர் லாக், அதாவது திறந்த பிளேடைக் கைப்பிடிக்குள் இருக்கும் தகடு பிடித்து நிறுத்தும் பூட்டு. மூடும்போது கட்டைவிரல் பிளேடு வரும் பாதையிலேயே இருக்கும். பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பும் ஒரே இடத்தில்தான். முனை கீழ்நோக்கித்தான் பாக்கெட்டில் நிற்கும். 2010-ல் வந்த அதன் சிறிய தம்பி பாராமிலிட்டரி 2-ல் முதுகுப் பக்கம் அழுத்தும் கம்ப்ரஷன் லாக், நான்கு இடத்தில் கிளிப். அதில் பழகியவர்கள் பெரியதிலும் அதையே கேட்டார்கள்.

கடைக்காரர் காட்டுவது பழையதா புதியதா என்று பார்க்க, பிளேடைத் திறந்து பூட்டுத் தகட்டைத் தேடுங்கள். முதுகுப் பக்கம் இருந்தால் புதியது. கூர்ப் பக்கம் இருந்தால் பழையது.

ஒன்று மட்டும் கவனம்: பழைய மிலிட்டரிக்குப் போலிகள் நிறைய. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். அப்புறம், 4 அங்குல பிளேடு. உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.