காணி உறுதியை அலுமாரியிலேயே வையுங்கள், அக்கா

சனிக்கிழமை மகளோடு என்னிடம் வந்தபோது, உங்கள் மடியில் இருந்த பைக்குள் காணி உறுதி இருந்தது. பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் வருடம், கணிதமும் புள்ளிவிபரவியலும் படிக்கிறாள். ஆக்சுவரி, அதாவது காப்புறுதிக் கம்பனிகளுக்கு ஆபத்தையும் செலவையும் கணக்கிட்டுச் சொல்பவர், ஆக ஆசை. லண்டனில் இருக்கும் உங்கள் தம்பியோ, "இங்கே வந்து எம்எஸ்சி செய்தால்தான் சரிவரும், உரும்பிராய்க் காணியை ஈடு வையுங்கோ" என்கிறார். பயப்படாதீர்கள் என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பினேன். அது போதாது. காணியை ஈடு வைத்து அந்த எம்எஸ்சி வேண்டாம்.

ஆக்சுவரி என்ற தகுதியை எம்எஸ்சி பட்டம் தந்துவிடாது. அதைத் தருவது பிரித்தானியாவின் இன்ஸ்டிடியூட் அண்ட் ஃபகல்டி ஒஃப் ஆக்சுவரிஸ், அமெரிக்காவின் சொசைட்டி ஒஃப் ஆக்சுவரிஸ் போன்ற தொழில்சார் அமைப்புகள். அதற்கென உள்ள எம்எஸ்சி செய்தால் பிரித்தானிய அமைப்பின் சில பரீட்சைகளில் விலக்குக் கிடைக்கலாம். அந்தப் பரீட்சைகளைப் பிள்ளை வீட்டிலிருந்தே படித்து, கட்டணம் மட்டும் கட்டி எழுதலாம். எம்எஸ்சி முடித்தாலும் மிச்சப் பரீட்சைகள் அப்படியே காத்திருக்கும். ஒரு பரீட்சைக்கு ஒரு காணியா?

இவளுக்குப் பொருத்தமாக நான் நினைப்பது அமெரிக்க அமைப்பின் முதற் பரீட்சைகளில் ஒன்றான 'பி'. முழுக்க நிகழ்தகவு. 3 மணித்தியாலம், 30 பல்தேர்வு வினாக்கள். பட்டம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாதிரி வினாக்களும் விடைகளும் அவர்களின் இணையதளத்தில் இலவசம். எப்படி இருக்கும் என்று பார்க்க, நீங்கள் வெளியே போன நேரம் அவளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். ஒரு வான் வாகனத்துக்கு வருடத்தில் ஒரு விபத்து நடக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று, அதற்கு மேல் நடக்காது. நடந்தால் சேதம் 0 முதல் 5 இலட்சம் வரை எங்கும் சம வாய்ப்பு. முதல் 1 இலட்சம் சொந்தக்காரர் பொறுப்பு, மிச்சம் காப்புறுதிக் கம்பனி கட்டும். கம்பனி வருடத்துக்குச் சராசரியாக எவ்வளவு எதிர்பார்க்க வேண்டும்? பேனையை எடுத்தாள், 16,000 ரூபா என்றாள். சரியான விடை. முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! அதுவரை ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, "இன்னொன்று தாங்கோ" என்றாள்.

அடுத்தது 'எஃப்எம்', வட்டியும் தவணைக் கொடுப்பனவும். பிரித்தானிய வழிதான் பிடிக்கும் என்றால் 'சிஎஸ்1' என்ற புள்ளிவிபரவியல் பரீட்சை. அதில் 'ஆர்' என்ற புள்ளிவிபரக் கணினி மொழியில் வேலையும் உண்டு. பரீட்சை ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் வரும். குறைந்த வருமானக்காரருக்குக் கட்டணச் சலுகையும் இருக்கிறது, கேட்டு விண்ணப்பியுங்கள். ஏதாவது ஒரு அமைப்பைப் பிடித்து அதிலேயே போகட்டும். இரண்டு படகில் கால் வைக்க வேண்டாம்.

இன்னொன்றிலும் நான் கண்டிப்பு. வேலைக்கு முன் இரண்டு பரீட்சை போதும். ஐந்தாறு பாஸ் பண்ணி, ஒரு நாள்கூட வேலை செய்யாமல் வருபவரை எந்த இடத்தில் அமர்த்துவது என்று கம்பனிகளே தடுமாறும். இரண்டு பாஸோடும் கம்பஸ் பட்டத்தோடும் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் ஆக்சுவரி பிரிவுக்கு விண்ணப்பிக்கட்டும். இலங்கையின் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டத்தின்படி ஆயுள் காப்புறுதி நடத்துபவர்களுக்கு ஆக்சுவரி இல்லாமல் முடியாது. 2016இல் இடர் அடிப்படையிலான மூலதன முறை, அதாவது ஏற்கும் ஆபத்துக்கு ஏற்ப கம்பனி மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற முறை, வந்த பிறகு கணக்கு வேலை இன்னும் கூடிவிட்டது. வேலை எடுத்ததும் மிச்சப் பரீட்சைகளுக்குப் பணமும் படிப்பு லீவும் தருகிறார்களா என்று நேர்முகத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். இந்தத் துறையில் அது வழமையான கேள்வி, வெட்கப்பட ஒன்றுமில்லை.

'பி' எழுதிப் பார்த்து, இது வேண்டாம் என்று அவளே சொன்னால்? போனது ஒரு கட்டணம். பட்டம் கையில் இருக்கும், வங்கியோ தரவு வேலையோ பார்க்கலாம். அப்போது அவளை யாரும் வற்புறுத்தக் கூடாது, நானும் சேர்த்து.

தம்பிக்கு உதவ மனம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். 'பி' பரீட்சைக் கட்டணத்தை டொலரில், கார்டில் கட்டலாம். அதை அவரைக் கட்டச் சொல்லுங்கள். பதிவு செய்யும்போது பிள்ளையின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும்.