கடையில் வைக்க 8 அடி நீள மீன் தொட்டியை நாமே கட்ட முடியுமா?

முடியும். நான் கட்டியிருக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் அளவில், அதாவது 8 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 3 அடி உயரம் என்று மட்டும் வேண்டாம். நீளம் அப்படியே இருக்கட்டும், உயரத்தில் ஓர் அடியைக் குறைத்துவிடுங்கள்.

எனக்குத் திருச்சி உறையூரில் சின்ன வண்ணமீன் கடை. சென்னை கொளத்தூரிலிருந்து மீன் வாங்கி வந்து விற்கிறேன். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பெரிய தொட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டு முதலில் நானும் 3 அடி உயரத்துக்குத்தான் படம் போட்டேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் தள்ளுகிற விசை, உயரம் கூடுகிற அதே விகிதத்தில் அல்ல, உயரத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 8 அடி நீளக் கண்ணாடியில் 2 அடி தண்ணீர் நின்றால் சுமார் 450 கிலோ. 3 அடி நின்றால் கிட்டத்தட்ட ஒரு டன். தொட்டி எத்தனை அகலம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அதனால் தண்ணீர் நிறைய வேண்டும் என்றால் அகலத்தைக் கூட்டுங்கள், மீனுக்கும் அதுதான் வசதி. இன்னொன்று, 3 அடி ஆழத்தில் கை எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறி அக்குள்வரை கையை விட்டாலும் அடியில் கிடக்கும் கல் விரல் நுனிக்குக்கூட எட்டாது, செத்த மீனை எடுக்க ஒவ்வொரு தடவையும் நீள வலையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

கடைசியில் 8க்கு 2.5க்கு 2 என்று கட்டினேன். விளிம்புவரை நிரப்பினால் 1,130 லிட்டர். 12 எம்எம் கண்ணாடி போதும், மேலே குறுக்குப் பட்டை ஒட்டிக்கொள்ளலாம் என்றார்கள், அப்படி ஓடுகிற தொட்டிகளும் இருக்கின்றன, ஆனால் கடைக்குள் குழந்தைகள் வந்து தட்டுவார்கள் என்று நான் 15 எம்எம்மே போட்டேன், பட்டையும் ஒட்டினேன். முன் கண்ணாடி மட்டும் 55 கிலோவுக்கு மேல். அடிக் கண்ணாடி 70 கிலோ. கண்ணாடியைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, தொட்டி நிற்கப்போகிற இடத்திலேயே ஒட்டினோம். வேறு எங்காவது ஒட்டி முடித்துவிட்டு ஷட்டர் வழியாக எப்படி உள்ளே கொண்டுவருவது என்று தலையில் கைவைத்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.

தண்ணீர், கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்து ஒன்றரை டன் வரும், அதுவும் 20 சதுர அடிக்குள். உங்கள் கடை மாடியில் இருந்தால் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஒரு கண்ணாடிகூட வாங்காதீர்கள். கடைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ தாங்குகிற கணக்கில் கட்டுவது வழக்கம், இந்தத் தொட்டி அதைப்போல் இரண்டு மடங்கு. என் கடை தரைத்தளம், பிழைத்தேன். ஸ்டாண்டை இரும்பு ஸ்கொயர் டியூபில் வெல்டிங் வைத்து, கொத்தனாரை வரவழைத்து டியூப் லெவல் பிடித்துச் சமன் செய்து, மேலே பிளைவுட், அதற்கு மேல் தெர்மாகோல், அப்புறம்தான் அடிக் கண்ணாடி.

சொந்தக் கட்டடம் என்றால் மூன்று பக்கமும் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசி, முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைக்கலாம், செலவு நன்றாகக் குறையும். கண்ணாடியை உள்பக்கமிருந்து சட்டத்தில் பொருத்த வேண்டும், அப்போது தண்ணீரே அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். புதுச் சிமெண்டின் சுண்ணாம்பு போக வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரைப் பல தடவை மாற்றிவிட்டுத்தான் மீன் விட வேண்டும். என்னுடையது வாடகைக் கடை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

சிலிக்கானில் கஞ்சத்தனம் வேண்டாம். பூஞ்சை பிடிக்காது என்று பாத்ரூமுக்கு விற்கிற வகையில் மீனுக்கு ஆகாத மருந்து கலந்திருக்கும், அதைத் தொடாதீர்கள். முன்பு ஒரு நாலடித் தொட்டி கசிந்தபோது மேலேயே இன்னொரு கோட் பூசினேன், மறுநாளும் கசிந்தது. காய்ந்த சிலிக்கான்மேல் புதுசு சரியாகப் பிடிக்காது, பிளேடால் மொத்தமும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். பெரிய தொட்டிக்குப் பத்து நாளுக்கு மேல் காயவிட்டேன், வினிகர் வாடை முழுசாகப் போகிறவரை. “இன்னும் தண்ணி ஊத்தலையா?” என்று தினமும் டீ கொண்டுவருகிற பையன்கூடக் கேட்பான். ஊற்றும்போதும் ஒரே மூச்சில் ஊற்றவில்லை, நாளுக்கு அரை அடி.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தவன் சறுக்கியது ஃபில்டரில். தொட்டிக்குக் கீழே சம்ப், அதாவது தண்ணீரை வடிகட்டுகிற இன்னொரு தொட்டி வைத்திருந்தேன், மோட்டார் அங்கிருந்து தண்ணீரை மேலே ஏற்றும். ஒரு மத்தியானம் கரண்ட் போனது. மோட்டார் நின்றதும் மேலே இருந்த தண்ணீர் அதே பைப் வழியாகத் திரும்பி இறங்க ஆரம்பித்துவிட்டது, பைப் முனை தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருந்ததால் அந்த ஒரு சாணும் இறங்கும்வரை நிற்காது. சம்ப் நிரம்பி வழிந்து, கீழே அடுக்கியிருந்த தீவன அட்டைப்பெட்டி எல்லாம் கூழாகிப்போனது. நான் சாப்பிடப் போயிருந்தேன். பக்கத்துக் கடை அண்ணன் போன் செய்து, “தம்பி, உன் கடை வாசல்ல மீன் வாடையா தண்ணி ஓடுது” என்றார்.

தீர்வு ரொம்பச் சின்னது. பைப்பில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டுவிட வேண்டும். தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் துளை வெளியே வந்து காற்றை இழுத்துக்கொள்ளும், ஓட்டம் அறுந்துவிடும். சம்பையும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். அதோடு, கரண்ட் போனால் மீன் மூச்சுக்குத் தவிக்கும், ஏர் பம்ப்பை மட்டுமாவது இன்வெர்ட்டரில் மாட்டுங்கள், முக்கியமாக நம் ஊர் மே மாதத்தில், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும்.

வாரத்துக்குக் கால் பங்கு தண்ணீர் மாற்றுவது என்றால் 280 லிட்டர், குடத்தில் தூக்கினால் இடுப்பு போய்விடும், அதனால் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு குழாயும் ஒரு வடிகாலும் முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிய உடனே மீன் விட வேண்டாம், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்கிற பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஓடிக்கொண்டிருந்த பழைய தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சில் அந்தப் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கும், நான் அதைச் சம்பில் போட்டு அந்தக் காத்திருப்பைக் கொஞ்சம் சுருக்கினேன்.

பைப்பில் போட்ட அந்தத் துளையில் பாசி அடைத்துக்கொள்ளும். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சி உருவி சம்ப் பக்கத்திலேயே செருகிவைத்திருக்கிறேன், வாரம் ஒருதடவை குத்திவிடுவேன்.